யார் கை பட்டாலும் எரியணும்: வயல் விளக்கின் கதை

டவுன்ல விளக்குன்னா சுவத்துல ஒரு சுவிட்ச், மேல ஒரு பல்பு. வயல்ல சுவரே கிடையாதுங்க. எங்களுக்கு விளக்குன்னா கையில பிடிச்சிக்கிட்டோ தலையில மாட்டிக்கிட்டோ போறதுதான். மும்முனை மின்சாரம் பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம்னு முறை வச்சு வரும். ராத்திரி முறை வந்தா பன்னெண்டு மணியானாலும் எழுந்து போய் மோட்டாரைப் போடணும். தண்ணி எந்தப் பாத்தியில நிக்குதுன்னு பாத்து மடை மாத்தணும். நிலக்கடலை போட்டிருந்தா காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கணும். வரப்பு ஒரு அடி அகலம். அதுல கண்ணாடி விரியனும் படுத்திருக்கும், நாமும் நடக்கணும். இந்தியாவில 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்னு ஆராய்ச்சி பண்ணவங்க கணக்குச் சொல்றாங்க. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கதான். அதனால கைவிளக்கு எங்களுக்கு அழகுப் பொருள் இல்லை, உயிர்ப் பொருள்.

பேட்டரி விளக்கு எப்படி வந்துச்சு, அதை யார் எடுத்தாலும் கெடாத மாதிரி வயரிங் பண்றது எப்படின்னு கொஞ்ச வருஷமா படிச்சும் பாத்தும் வரேன். படிச்ச வரைக்கும் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. வெளிச்சத்தைக் கண்டுபிடிச்சதோட கதை முடியலை. தூக்கக் கலக்கத்துல இருக்கிறவன், கண்ணு தெரியாத கிழவி, அவசரத்துல இருக்கிற பிள்ளைன்னு யார் கை பட்டாலும் அந்த வெளிச்சம் நிக்கணும். கஷ்டமான பாதி அதுதான்.

முதல்ல நெருப்பு விளக்கு. எங்க தாத்தா காலத்துல தீப்பந்தம். அப்புறம் அரிக்கேன் விளக்கு. காத்துல அணையாத இந்த லாந்தர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவானது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ். அது 1910 வாக்கில் ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக் கம்பெனி ஒண்ணு செஞ்சது. மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரோட பேர்ல பாதியும் பெட்ரோலியத்துல பாதியும் சேந்து அந்தப் பேர் வந்தது. நம்ம ஊர்ல அந்த ஜாதி விளக்குக்கே அது பேராப் போச்சு.

நெருப்பு விளக்குல ஒரு நல்ல குணம் உண்டு. அது பொய் சொல்லாது. அரிக்கேனை ஒரு குலுக்குக் குலுக்கினா எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு சத்தமே சொல்லும். எண்ணெய் தீரப் போகுதுன்னா திரி கருகி வாடை வரும், வெளிச்சம் மெல்ல மங்கும். வீட்டுக்குத் திரும்ப நேரம் கொடுக்கும். பேட்டரி விளக்குல நாம இழந்தது இந்தக் குணத்தைத்தான். அதை எப்படித் திரும்பக் கொண்டாறதுன்னு கடைசியில சொல்றேன்.

கைவிளக்கோட உண்மையான சோதனை நடந்தது வயல்ல இல்லை, சுரங்கத்துல. இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள மீத்தேன் வாயு தேங்கும். மெழுகுவத்தியோ திறந்த விளக்கோ கொண்டு போனா வெடிக்கும். 1812 மே 25-ஆம் தேதி ஃபெல்லிங் என்ற ஊர்ச் சுரங்கம் வெடிச்சு 92 பேர் செத்தாங்க. அதுல சின்னப் பசங்களும் இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானிகிட்ட போய் வழி கேட்டாங்க. 1815-ல அவர் தீபத்தைச் சுத்தி மெல்லிய கம்பி வலை கட்டின விளக்கைச் செஞ்சார். வலை சூட்டை இழுத்துக்கும், அதனால உள்ள எரியுற தீ வெளிய இருக்கிற வாயுவைப் பத்தவைக்காது. அதே வருஷம் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியா ஒரு விளக்கு செஞ்சார். பின்னாடி ரயில் இன்ஜினுக்குப் பேர் போனவர் அவர்தான்.

ஆனா சாவு நின்னுடலை. காரணத்தைப் பாருங்க. வலை மறைச்சதால அந்த விளக்கு ஒரு மெழுகுவத்தி அளவுக்குக்கூட வெளிச்சம் தராது. கரி வெட்டுறவனுக்கு வெட்டின அளவுக்குத்தான் கூலி. கண்ணு தெரியலைன்னா கூலி இல்லை. அதனால வலையைக் கழட்டினாங்க. சில பேர் புகை பிடிக்கத் திறந்தாங்க. காத்தோட்டம் வேகமா இருந்தா தீ வலையைத் தாண்டியும் வந்துச்சு. விளக்கு வந்துடுச்சுங்கிற தைரியத்துல, முன்ன போக முடியாத ஆபத்தான இடத்துலயும் ஆளை இறக்கினாங்க. வெடிச்சப்ப எல்லாரும் முதல்ல சொன்னது, "தொழிலாளி விளக்கைத் திறந்துட்டான்." விளக்கைத் திறக்குறது சட்டப்படி குற்றமாச்சு.

ஆளைத் திட்டி எதுவும் மாறலை. மாறினது பூட்டு வந்த பிறகுதான். விளக்கறையில ஈய ஆணி அடிச்சு முத்திரை வச்சாங்க. திறந்தா முத்திரை உடைஞ்சு காட்டிக் கொடுக்கும். அப்புறம் காந்தப் பூட்டு வந்தது. விளக்கறையில இருக்கிற பெரிய காந்தத்துல வச்சாத்தான் திறக்கும். பூமிக்கடியில யார் நினைச்சாலும் திறக்க முடியாது. "திறக்காதே"ன்னு எழுதி வைக்கிறதுக்கும், திறக்கவே முடியாம செய்யுறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதுக்கு நடுவுல பேட்டரி வளர்ந்துக்கிட்டு வந்தது. 1859-ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டே ஈயத் தகட்டையும் ஆசிடையும் வச்சுத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏத்தக்கூடிய பேட்டரியைச் செஞ்சார். இன்னிக்கு டிராக்டர்ல இருக்கிறது அதோட வாரிசுதான். 1866-ல ஜார்ஜ் லெக்லான்ஷே துத்தநாகமும் கரியும் வச்ச செல்லைக் கொடுத்தார். அது தண்ணிக் கரைசலோட இருந்ததால கவுத்தா சிந்தும். 1880-களில் கார்ல் காஸ்னர் அதைப் பசையா மாத்தி மூடினார். அதுதான் நாம சொல்ற டிரை செல். அதைக் குழாயில போட்டு டேவிட் மிசெல் என்பவர் செஞ்ச டார்ச்சுக்கு 1899 ஜனவரியில் அமெரிக்காவில் காப்புரிமை கிடைச்சது. அந்தக் காலத்துச் செல்லுக்குத் தெம்பு கம்மி. தொடர்ந்து எரியாது, பளிச்சுனு அடிச்சு அணைக்கணும். அதனாலதான் அமெரிக்காக்காரன் இன்னிக்கும் அதை ஃபிளாஷ்லைட்டுங்கிறான்.

டார்ச் லைட் எங்க ஊருக்கு வந்து ரெண்டு தலைமுறை ஓடுச்சு. மூணு செல் போட்ட நீளமான வெள்ளி நிற டார்ச் ஒரு வீட்டுல இருந்தா அது கௌரவம். அதுக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. உள்ள இருக்கிற குண்டு பல்புக்குத் திசை கிடையாது. கரண்ட் எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் எரியும். ஒரு செல்லை மட்டும் தலைகீழாப் போட்டா மங்கலா எரியும், மத்தபடி பெரிய சேதம் இல்லை. செல் தீர்ந்தாலும் வெளிச்சம் மஞ்சளா மாறி, செவப்பா மாறி, அப்புறம்தான் அணையும். அரிக்கேன் மாதிரியே எச்சரிக்கை கொடுத்துட்டுத்தான் போகும்.

சுரங்கத்துக்குத் திரும்புவோம். 1911-ல பேர் சொல்ல விரும்பாத சுரங்க முதலாளி ஒருத்தர் நல்ல மின்விளக்குக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவிச்சார். முதல் பரிசு 600 பவுண்டை ஜெர்மன் விளக்கு ஒண்ணு வாங்கினது. அது நடந்து கொஞ்ச காலத்துல, 1913 அக்டோபர் 14-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டுல செங்கெனித் சுரங்கம் வெடிச்சு 439 சுரங்கத் தொழிலாளிகள் செத்தாங்க. 1915-ல அமெரிக்காவின் சுரங்கத் துறை எடிசனோட தலை விளக்குக்கு ஒப்புதல் கொடுத்தது. பேட்டரி இடுப்பு பெல்ட்டுல, விளக்கு தொப்பியில, நடுவுல ஒரு கேபிள்.

அந்த விளக்குக்குள்ள எடிசன் வச்சது நிக்கல்-இரும்பு பேட்டரி. அவர் அதை மோட்டார் காருக்குன்னு நினைச்சுத்தான் செஞ்சார். கொஞ்சம் கனம், விலையும் ஜாஸ்தி. ஆனா அதிகமாச் சார்ஜ் ஏத்தினாலும் தாங்கும், சுத்தமாத் தீர்த்தாலும் தாங்கும், மாசக்கணக்கா சும்மா போட்டாலும் தாங்கும். முரட்டு மாடு மாதிரி. ஆள் எப்படி நடத்தினாலும் பொறுத்துக்கிற பேட்டரி அது.

பின்னாடி வந்த ஈய பேட்டரி விளக்குகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கதான் வயரிங் புத்திசாலித்தனம் வந்தது. இதை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே எங்க மாமா வாயால கேட்டிருக்கேன். அவர் கோலார் தங்கவயல்ல வேலை பாத்தவர். வடாற்காடு பக்கத்துலேருந்து அங்க போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அங்க சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். 2001-ல மூடிட்டாங்க.

"மாமா, உள்ள போய்ப் பேட்டரி கழண்டுட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"எப்படிடா கழலும்? பூட்டு போட்டிருக்கும் மாப்ள. எங்களுக்கு அதைத் தொறக்கவே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல" என்றார்.

"அப்போ சார்ஜ் எப்படிப் போடுவீங்க?"

"டோக்கனைக் கொடுத்துட்டு விளக்கை எடுப்போம். வேலை முடிஞ்சு மேல வந்தா விளக்கை அதோட இடத்துல மாட்டிட்டு டோக்கனை வாங்கிக்குவோம். மாட்டினா சார்ஜ் ஏறும். அவ்வளவுதான். டோக்கன் திரும்பலைன்னா ஒரு ஆள் இன்னும் உள்ள இருக்கான்னு அர்த்தம்."

அந்த "மாட்டினா ஏறும்" என்ற ரெண்டு வார்த்தைக்குள்ள பெரிய விஷயம் இருக்கு. அந்த மாதிரி விளக்குல சார்ஜ் ஏறுறது பேட்டரிப் பெட்டி வழியா இல்லை, தலையில மாட்டுற விளக்கு முகப்பு வழியா. சார்ஜ் பலகையில இருக்கிற சாவி மாதிரித் தண்டுல முகப்பைச் சொருகித் திருப்பினா தொடர்பு கிடைக்கும். தலைகீழாச் சொருக முடியாது. நெகட்டிவ், பாசிட்டிவ் மாறவே வழியில்லை. பலகை முழுக்க ஒரே அளவு வோல்டேஜ். ரெண்டு செல் வச்ச 4 வோல்ட் பேட்டரிக்கு 5 வோல்ட். காலியான பேட்டரி நிறைய இழுக்கும், நிறைய நிறைய இழுக்கிறது தானா குறையும். யாரும் நேரம் பாத்துப் பிடுங்க வேண்டாம். பேட்டரி தலையிலேயே ஒரு பியூஸ். கேபிள் நசுங்கி ஷார்ட் ஆனா பியூஸ்தான் போகும், தீப்பொறி வராது. முகப்புல பெரிய பல்பு ஒண்ணு, துணைக்குச் சின்னது ஒண்ணு. பெருசு போனாலும் சின்னதை வச்சு மேல வந்துடலாம்.

இவ்வளவு நல்ல பாடம் இருந்தும் எங்க ஊருக்கு வந்த விளக்கு அதைக் கத்துக்கலை. மின்வெட்டு காலத்துல சார்ஜ் லைட் வந்தது. எமர்ஜென்சி லைட்டுன்னும் சொல்வோம். சின்ன டியூப், உள்ள 6 வோல்ட் மூடின ஈய பேட்டரி. ஆசிடைக் கூழா மாத்தி மூடுற முறை 1950-களில் ஜெர்மனியில் வந்தது. சிந்தாது, தண்ணி ஊத்த வேண்டாம், நல்லதுதான். ஆனா சுத்தமாத் தீரவிட்டு அப்படியே போட்டா தகட்டுல வெள்ளையா உப்புப் படிஞ்சு இறுகிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. மலிவு விளக்குல அதைத் தடுக்க எதுவும் வைக்கலை. ஒரு வருஷம் வந்தா அதிகம்.

எங்க பங்காளி அண்ணன் ஒருத்தர் அப்படி ஒரு விளக்கை எடுத்துக்கிட்டு ராத்திரி மடை மாத்தப் போனார். பாதி வரப்புல விளக்கு சட்டுனு அணைஞ்சுது. திரும்பி நடந்தப்ப கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. பெரியாஸ்பத்திரியில மருந்து ஏத்திப் பிழைச்சுக்கிட்டார், கால் விரல் ஒண்ணு போச்சு. வீட்டுல அத்தனை பேரும் மருமகளைத்தான் பேசினாங்க. "சார்ஜ் போடுன்னு சொன்னா போடலியே" என்று. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே, "போட்டேன் மாமா, செவப்பு லைட்டு எரிஞ்சுதே" என்றது.

மறுவாரம் அந்த விளக்கை எங்க ஊர்ல மோட்டார் காயில் கட்டுற தம்பிகிட்ட கொண்டு போனோம். அவன் மல்டிமீட்டரை வச்சுப் பாத்தான். பொண்ணு சொன்னது நெசம். அந்தச் செவப்பு விளக்கு சார்ஜர்ல இருந்தது. சுவத்துல கரண்ட் இருந்தாலே அது எரியும். பேட்டரிக்குப் போகுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. விளக்குல சொருகுற மெல்லிசு பின் தளர்ந்து, பாதி நேரம் ஒட்டாமலே இருந்திருக்கு. நாள் பூரா சார்ஜ் போட்ட மாதிரி இருக்கும், ஒண்ணும் ஏறியிருக்காது. சுரங்கத்துல தொழிலாளியைச் சொன்ன மாதிரி இங்க மருமகளைச் சொன்னாங்க. தப்பு ரெண்டு இடத்துலயும் சாமான்ல.

இப்ப எல்இடி வந்துடுச்சு. நீல வெளிச்ச எல்இடிக்காக ஜப்பான்ல அகசாகி, அமானோ, அங்கேயிருந்து அமெரிக்கா போன நகமுரா ஆகிய மூணு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு கொடுத்தாங்க. அந்த நீலத்து மேல மஞ்சள் பூச்சு பூசித்தான் வெள்ளை வெளிச்சம் வருது. லித்தியம் பேட்டரியை 1991-ல சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. வெளிச்சம் பல மடங்கு, கனம் கம்மி. ஆனா பழைய பொறுமை போச்சு. எல்இடிக்குத் திசை உண்டு, மாத்திக் கொடுத்தா எரியாது, சிலது கெட்டும் போகும். லித்தியத்துக்கு அதிகச் சார்ஜும் ஆகாது, சுத்தமாத் தீர்க்குறதும் ஆகாது. அதுல இருக்கிற பாதுகாப்பு போர்டு கடைசி நொடியில ஒரே வெட்டா வெட்டும். மங்கலே கிடையாது. பளிச்சுனு இருந்து கும்மிருட்டு. வரப்புல நிக்கிறவனுக்கு அதைவிட மோசம் ஒண்ணு இல்லை.

அதனால நானும் அந்த மோட்டார் தம்பியும் சேந்து ஒரு பெட்டி செஞ்சோம். 12 வோல்ட் 7 ஏஎச் மூடின ஈய பேட்டரி, 9 வாட் எல்இடி. ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு மணி நேரம் தாராளம். அதுல செஞ்ச ஒவ்வொண்ணும் சுரங்கத்துப் பாடம்தான்.

பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே பியூஸ். நடுவழியில வச்சா பிரயோஜனம் இல்லை, பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவுல வயர் உரசினா யார் காப்பாத்துறது? சின்ன பேட்டரிதானேன்னு நினைக்காதீங்க, ஷார்ட் ஆனா நூறு ஆம்பியருக்கு மேல கொட்டும், வயர் பழுத்துடும்.

சார்ஜுக்கு மூணு முள் சாக்கெட், விளக்குக்கு ரெண்டு முள் சாக்கெட். மாத்திச் சொருகணும்னாலும் முடியாது. ரெண்டும் மரை போட்டு இறுக்குற வகை. பாதி ஒட்டி பாதி ஒட்டாம நிக்கிற பேச்சே இல்லை. சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கும்.

சார்ஜ் வர்ற வழியில ஒரு டையோடு. கரண்டுக்கு அது ஒருவழிப் பாதை. சோலார் தகடு மாட்டினா ராத்திரியில பேட்டரி தகட்டுக்குத் திரும்பக் கொட்டாது. சார்ஜர் வயரை யாராவது மாத்திக் கட்டினாலும் உள்ள ஒண்ணும் ஆகாது. டையோடுல கொஞ்சம் வோல்டேஜ் குறையுங்கிறதால, சார்ஜரைச் சரிபண்ணும்போது பேட்டரி முனையில அளந்து 13.6-லிருந்து 13.8 வோல்டுக்குள்ள நிறுத்தினோம். ஏத்தின பிறகு பிடுங்க மறந்தாலும் கெடாது.

சார்ஜ் காட்டுற விளக்கு சார்ஜர்ல இல்லை, பெட்டியில. சாக்கெட்டுக்கு உள்ள, டையோடுக்கு முன்னாடி. முள் ஒட்டி, கரண்ட் பெட்டிக்குள்ள வந்தாத்தான் அது எரியும். பக்கத்துல பட்டன் அமுக்கினா வோல்டேஜ் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு. சார்ஜ் போட்டு மணி நேரம் கழிச்சு 13-க்கு மேல ஏறியிருந்தா ஏறுதுன்னு அர்த்தம். அரிக்கேனைக் குலுக்கிப் பாத்த மாதிரி.

11.5 வோல்டுக்கு இறங்கினா பெரிய விளக்கை வெட்டுற கட்-ஆஃப் போர்டு. பேட்டரி தகட்டுல உப்பு படியாம இது காப்பாத்தும். ஆனா ஆளைக் காப்பாத்தணுமே? அதுக்கு 20 மில்லி ஆம்பியர் இழுக்கிற சின்ன எல்இடி ஒண்ணை, பியூஸுக்கு அப்புறம், கட்-ஆஃப்க்கு முன்னாடி எடுத்துக் கட்டினோம். அதுக்குத் தேவையான ரெசிஸ்டரோட. சுவிட்ச் போட்டா ரெண்டும் எரியும். பெருசு அணைஞ்சா சின்னது எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த வெளிச்சத்துல வீடு வந்து சேரலாம். சுரங்கத்துத் தொப்பியில இருந்த துணைப் பல்புதான் இது. மறுநாள் மறக்காம சார்ஜ் போட்டுடணும், ரெண்டு மூணு நாள் அப்படியே எரியவிட்டா பேட்டரி வீணாகும்.

பெட்டி மூடிக்கு நாலு ஸ்க்ரூ, அது மேல சீல். லித்தியம் பேட்டரி போடணும்னா சார்ஜர் வேற. நாலு செல் வச்ச பாஸ்பேட் லித்தியத்துக்கு 14.4 வோல்ட் வரை போகணும். அந்தச் சார்ஜரை ஈய பேட்டரியில மாட்டி மறந்துட்டா ஈயம் கெடும். அதனால அந்தப் பெட்டிக்கு நாலு முள் சாக்கெட் வச்சோம். ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தாலும் மாறாது.

செஞ்சு முடிச்சு நான் சோதிக்கலை. வீட்டுல இருக்கிற எங்க அம்மாகிட்ட கொடுத்தோம், எண்பதை நெருங்குறவங்க. அப்புறம் ஆறாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். மூணாவது, அந்தப் பங்காளி அண்ணனோட மருமக. ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை. மூணு பேரும் தப்பாச் சொருகப் பாத்தாங்க, சொருக முடியலை. சரியாச் சொருகினாங்க, பெட்டியில விளக்கு எரிஞ்சுது. அந்தப் பொண்ணு மட்டும் மீட்டர் பட்டனை ரெண்டு மூணு தடவை அமுக்கிப் பாத்துட்டு, "இப்ப யாரும் என்னைச் சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டது.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுலயும் இன்வெர்ட்டர், பவர் பேங்க், சார்ஜ் லைட்டுன்னு பேட்டரி சாமான் ஏதாவது இருக்கும். அடுத்த தடவை வாங்கும்போது எத்தனை வாட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. சார்ஜ் ஏறுதுன்னு காட்டுற விளக்கு எங்க இருக்கு, தீரும்போது எப்படிச் சொல்லும், மாத்திச் சொருகினா என்ன ஆகும்னு மூணு கேள்வி கேளுங்க. கடைக்காரர் முழிச்சா வேற கடைக்குப் போங்க. எங்க ஊர்ல இப்ப அந்தப் பெட்டி அஞ்சு வீட்டுல இருக்கு. இந்தக் கடலைப் பட்டத்துக்குள்ள இன்னும் மூணு செய்யணும்.